தலைகீழாக நிற்கத் தேவையில்லை

மயிலாடுதுறையில் 31 வருடமாகத் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். கம்ப்யூட்டர் காலத்தில் டைப்ரைட்டிங் யார் படிக்கிறார்கள் என்று கேட்பவர்கள், குரூப் 4 தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள். தட்டச்சர் பதவிக்கு லோயர், ஹையர் சான்றிதழ் இன்னும் கேட்கிறார்கள். அதனால் காலை ஆறரை மணி பேட்ச்சிலேயே எங்கள் மாடியில் பத்துப் பன்னிரண்டு மெஷின்கள் இரைச்சல் போடத் தொடங்கிவிடும்.

சேருகிற பிள்ளைகள் முதல் நாள் செய்யப் பார்க்கிற காரியம் ஒன்றுதான். தாளைச் சொருகியதும், ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தன் பெயரை அடித்துப் பார்ப்பது. நான் விடுவதில்லை. "பேரெல்லாம் அப்புறம் அடிக்கலாம். நிமிர்ந்து உட்காரு. ரெண்டு பாதமும் தரையில படட்டும். எட்டு விரலையும் நடு வரிசையில வை" என்பேன். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. ஒரு வாரத்துக்கு இதே பாட்டுதான். பிள்ளைகளுக்கு முகம் சுண்டிப்போகும். ஒன்றிரண்டு பேர் நின்றும் விடுவார்கள். தாக்குப்பிடிக்கிறவர்கள் நிமிடத்துக்கு 30 வார்த்தை அடித்து லோயர் பாஸ் பண்ணிவிட்டுத்தான் போவார்கள்.

யோகாவைப் பற்றி எழுத உட்கார்ந்தவள் மெஷின் கதை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் வயது 57. ஆறு வருடமாக யோகாசனம் செய்கிறேன். தெரிந்தவர்கள், பயிலகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்கள், என் நாத்தனார், எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று: "எங்கேயிருந்து ஆரம்பிக்கணும்?" நான் யோகா மாஸ்டர் இல்லை, சான்றிதழ் ஏதும் கிடையாது. ஆனால் ஒரு வித்தையை முதல் நாள் எந்த முனையில் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். என் வயிற்றுப்பிழைப்பே அதுதான். அந்த உரிமையில் சொல்கிறேன்: யோகாவைத் தொடங்குகிற பெரும்பாலானவர்கள் நடு வரிசையைப் பழகாமல் நேராகத் தன் பெயரை அடிக்கப் போகிறார்கள். விரல் சிக்கிக்கொண்டதும் "நமக்கு இது ஒத்துவராது" என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

நானும் அப்படிப் போனவள்தான்.

எட்டு வருடத்துக்கு முன், கழுத்துவலி தாங்காமல் ஒரு யோகா முகாமில் சேர்ந்தேன். மாணவர்களின் தாளைக் குனிந்து குனிந்து பார்த்ததிலும், கோர்ட்டு காகிதங்களை ஜாப் டைப்பிங் அடித்துக் கொடுத்ததிலும் வந்த வலி அது. கல்யாண மண்டபத்தில் நடந்த முகாம். அறுபது எழுபது பேர். மேடையில் மைக்கோடு ஒருவர் செய்து காட்டுவார், நாங்கள் கீழே பார்த்துச் செய்வோம். யாருக்கு என்ன உபாதை என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் சர்வாங்காசனம். தோளைத் தரையில் ஊன்றி, உடம்பு முழுவதையும் செங்குத்தாக மேலே தூக்க வேண்டும். பக்கத்துப் பாயில் இருந்த கல்லூரிப் பெண் சட்டென்று தூக்கிவிட்டாள். அவள் தூக்கிய பிறகு எனக்கு மட்டும் என்ன என்று நானும் உந்தித் தூக்கினேன். தூக்கியும் விட்டேன். எழுந்தபோது கழுத்து இடது பக்கம் திரும்பவில்லை.

எலும்பு டாக்டர் கழுத்துப்பட்டை போட்டு அனுப்பினார். மூன்று வாரம் அதோடுதான் பயிலகத்துக்கு வந்தேன். "என்னாச்சு மேடம், எங்கயாவது விழுந்துட்டீங்களா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். யோகா செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம், படியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லி வைத்தேன்.

தப்பு அந்த ஆசனத்தின் மேல் இல்லை. கழுத்தெலும்பு தேய்ந்த 49 வயதுக்காரிக்கு அதை ஐந்தாம் நாளில் கொடுத்தது தப்பு. கொடுத்ததும் நான் எடுத்துக்கொண்டது அதைவிடப் பெரிய தப்பு. நேற்று சேர்ந்த பிள்ளையிடம் ஹையர் தேர்வுத் தாளைக் கொடுத்து அடி என்று நான் சொல்வேனா?

அதற்குப் பிறகு இரண்டு வருடம் யோகா என்ற பேச்சே எடுக்கவில்லை. பிறகு துலாக்கட்டம் பக்கத்தில், ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் ஒருவர் தன் வீட்டு வராந்தாவில் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பாய் எங்கே என்றுகூட அவர் கேட்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "உடம்புக்கு என்னென்ன இருக்கும்மா? என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? ஆபரேஷன் ஏதாவது ஆயிருக்கா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். கழுத்துப்பட்டைக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "சரி, ஒரு வாரம் வந்து படுங்க" என்றார்.

நிஜமாகவே படுக்கத்தான் சொன்னார். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றி, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, மூச்சு போவதையும் வருவதையும் கவனிக்க வேண்டும். அவ்வளவுதான். வீட்டில் வந்து சொன்னதற்கு என் வீட்டுக்காரர், "படுக்கறதுக்கா மாசம் ஐநூறு ரூபா? இங்கயே படுத்துக்கலாமே" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான்காம் நாள் சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மூச்சை இழுக்கறப்ப வயிறு மேல வருதா, உள்ள போகுதா?" என்று கேட்டார். கவனித்துப் பார்த்தேன். உள்ளே போனது. இழுக்கும்போது வயிற்றை எக்கி, தோளைத் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். ஐம்பது வருடமாக விட்ட மூச்சைத் தலைகீழாக விட்டிருக்கிறேன்! என் கழுத்துத் தசை கல் மாதிரி கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவர் சொன்னபோது, ஐநூறு ரூபாய் செரித்துவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு சங்கதி உண்டு. புதிதாகப் பழகும் பிள்ளையின் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால், ஏ என்ற எழுத்து மட்டும் மங்கலாக விழுந்திருக்கும். அது இடது கைச் சுண்டுவிரல் அடிக்க வேண்டிய எழுத்து. சுண்டுவிரலுக்கு வலு போதாது. "நல்லாத்தான் மேடம் அடிச்சேன்" என்று பிள்ளை சத்தியம் செய்யும். தாள் பொய் சொல்லாது. யோகாசனத்தில் அந்தத் தாள், மூச்சு. காலைப் பிடித்துவிட்டேன், நெற்றி முழங்காலைத் தொட்டுவிட்டது என்று நாம் பெருமைப்படலாம். அந்த நிலையில் மூக்கு வழியாக அமைதியாக மூச்சு ஓடுகிறதா? திணறுகிறதா, நிற்கிறதா, வாய் திறந்துகொள்கிறதா? திணறினால் தாண்டக்கூடாத கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம்; ஒரு பிடி பின்னால் வர வேண்டியதுதான். ஆரம்பிக்கிறவர்கள் ஆயிரம் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். இந்த ஒரு விதி போதும்.

வலியிலும் இரண்டு சாதி உண்டு. தொடைக்குப் பின்னால், இடுப்புப் பக்கத்தில், தசை இழுபடுகிற இதமான வலி ஒன்று. அது இருக்கலாம். மூட்டுக்குள், முதுகெலும்பில், கழுத்தில் சுருக்கென்று குத்துவது, காலில் மின்சாரம் மாதிரி இறங்குவது, மரத்துப்போவது வேறு. அது வந்தால் அந்த நொடியே நிறுத்திவிட்டு வைத்தியரைப் பார்க்க வேண்டும். "வலியைத் தாங்கினால்தான் பலன்" என்று யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இதெல்லாம் சோம்பேறிகளுக்காகப் புதிதாகக் கண்டுபிடித்த சலுகை என்று நினைக்க வேண்டாம். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஏறக்குறைய 195 சூத்திரங்கள் இருக்கின்றன. ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. இருக்கை அசையாததாகவும் சுகமானதாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் அவற்றின் சாரம். எங்கள் ஊரிலிருந்து கும்பகோணம் போகிற வழியில் திருவாவடுதுறை இருக்கிறது; திருமூலர் சமாதி அந்தக் கோயிலுக்குள்தான் இருப்பதாக ஐதீகம். அவருடைய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைச் சொல்கிறது. ஆதனத்துக்கு அவர் ஒதுக்கிய பாட்டுகளைவிட மூச்சுக்கு ஒதுக்கிய பாட்டுகள் அதிகம்.

நம் காலத்துக்கு வந்தால், இன்று உலகம் முழுவதும் செய்யப்படும் ஆசனப் பயிற்சியில் பெரும்பங்கு ஒரு மனிதரின் வழியாக வந்தது. மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்திய டி. கிருஷ்ணமாச்சாரியார். 1888-ல் பிறந்தவர், பின்பாதி வாழ்க்கையைச் சென்னையில் கழித்து, 1989-ல் நூறு வயதில் மறைந்தார். ஆளுக்கு ஏற்றபடி யோகத்தை மாற்ற வேண்டுமே தவிர, யோகத்துக்கு ஏற்றபடி ஆளை முறுக்கக் கூடாது என்ற வழியில் அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கினார். கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனரும் மாணவருமான பி.கே.எஸ். அய்யங்கார், சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று அடுத்தடுத்து அடிபட்ட உடம்போடு யோகத்துக்கு வந்தவர். பிற்காலத்தில் நாற்காலி, பெல்ட், மரக்கட்டை, கயிறு என்று எதையெல்லாமோ துணைக்கு வைத்து, வளையாத உடம்புக்கும் ஆசனம் எட்டும்படி செய்தவர் அவர்தான். குனிந்தால் கை தரைக்கு எட்டவில்லையா? ஒரு நாற்காலியைப் போட்டு அதைப் பிடித்துக்கொள்ளலாம். அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

சரி, முதல் மாதம் என்ன செய்யலாம்? எனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையைச் சொல்கிறேன். மொத்தம் இருபது நிமிடம்.

முதல் மூன்று நிமிடம், மேலே சொன்ன படுக்கை. மூக்கு வழியாக இழுத்து, இழுத்ததைவிடச் சற்று நீளமாக விட வேண்டும். மூச்சை அடக்கி வைக்கிற வேலையே வேண்டாம்.

அடுத்த ஐந்து நிமிடம் மூட்டுகளுக்கு. கால்விரல், கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு, தோள் என்று கீழிருந்து மேலாக அசைத்துத் தளர்த்துவது. நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம். கழுத்தை வட்டமாகச் சுழற்றாமல், இடம், வலம், மேல், கீழ் என்று தனித்தனியாக, மெல்ல. மத்திய ஆயுஷ் அமைச்சகம் யோகா தினத்துக்காக வகுத்த பொதுப் பயிற்சிகூடக் கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் தளர்த்தலில்தான் ஆரம்பிக்கிறது. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையிலும் கைப்பயிற்சி, கால்பயிற்சிதான் முதலில். முதல் பத்து நாள் இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். இதுதான் நடு வரிசை.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. சுவரோரம் நேராக நின்று, மூச்சை இழுத்துக்கொண்டே கைகளைத் தூக்கி, விட்டுக்கொண்டே இறக்குவது, ஆறு தடவை. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். குதிகாலில் எடை நிற்கிறதா, முன்பாதத்தில் நிற்கிறதா என்று கவனித்தால் அரை நிமிடத்தில் தெரியும், நாம் இத்தனை வருடம் நின்ற லட்சணம். அடுத்து, நான்கு காலில் பூனை போல நின்று முதுகை மெல்ல மேலே வளைத்து, கீழே இறக்குவது. முழங்கால் வலிக்கிறவர்கள் மேசை விளிம்பைப் பிடித்து நின்றபடியே செய்யலாம். மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மட்டும் மார்புப் பக்கம் கொண்டுவந்து அணைப்பது. பிறகு மற்ற கால். பாதத்தை ஊன்றி இடுப்பை ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குவது. குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றித் தலையையும் மார்பையும் மட்டும் லேசாகத் தூக்குவது. ஒவ்வொன்றும் ஐந்தாறு தடவை போதும்.

கடைசி ஐந்து நிமிடம் சவாசனம். பலரும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுவது இந்த நேரத்தில்தான். குக்கர் வைக்க வேண்டும், வாட்டர் கேன் வந்துவிடும், பையனை எழுப்ப வேண்டும் என்று மனம் பரபரக்கும். அந்தப் பரபரப்பை ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டு கிடப்பதுதான் பயிற்சியிலேயே கடினமான பகுதி. அதைச் செய்யப் பழகியவருக்கு மற்றதெல்லாம் சுலபம். எழும்போது சடக்கென்று எழாமல், ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழ வேண்டும்.

சூரிய நமஸ்காரம் எங்கே என்று கேட்பீர்கள். அது பன்னிரண்டு நிலைகள் கோத்த ஒரு முழு வாக்கியம். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே வந்த பிறகு வாக்கியத்துக்குப் போகலாம். முதல் வாரமே பன்னிரண்டு சுற்று, இருபத்துநான்கு சுற்று என்று எண்ணிக்கைக்கு ஓடுகிறவர்கள் மணிக்கட்டையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். நாடிசுத்திக்கும் இரண்டாவது மாதம் அவசரமில்லாமல் போகலாம். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளை வீடியோ பார்த்துத் தொடங்கவே வேண்டாம்.

உபாதை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை சில. கட்டுக்கு அடங்காத ரத்தக் கொதிப்பு இருப்பவர்களுக்கும், கண்ணில் கிளாக்கோமா இருப்பவர்களுக்கும் தலை கீழே போகிற ஆசனங்கள் ஆகாது. கண்ணுக்குள் அழுத்தம் கூடும். டிஸ்க் பிரச்சினை இருப்பவர்கள், எலும்பு மெலிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பெண்கள் முன்னால் ஆழமாகக் குனியக் கூடாது. குடலிறக்கம், சமீபத்திய அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்றால் டாக்டரைக் கேட்காமல் பாய் விரிக்க வேண்டாம். முழங்கால் தேய்ந்தவர்கள் வஜ்ராசனத்தில் வீம்புக்கு உட்கார வேண்டாம். முக்கியமாக, யோகா ஆரம்பித்துவிட்டேன் என்று சர்க்கரை மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ தாமாக நிறுத்தக் கூடாது. குறைக்கலாமா என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

யோகா எல்லா நோயையும் தீர்க்கும் என்று மேடையில் பேசுகிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. அப்படிப் பேசிப் பேசியே அதன் உண்மையான பலனையும் நம்ப முடியாமல் செய்துவிடுகிறார்கள். நாள்பட்ட இடுப்புவலிக்கு மருந்தில்லாமல் முதலில் முயன்று பார்க்க வேண்டியவற்றில் ஒன்றாக யோகாவை அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017-ம் ஆண்டு வழிகாட்டுதல் சேர்த்திருக்கிறது. அந்த அளவுக்குச் சொன்னால் போதாதா? அதேபோல, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெல்லிய ஆசனங்கள் அந்தக் கணக்கை அடைக்காது. ஆகவே சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் வரை நடக்கிற நடையை நான் விடவில்லை, நீங்களும் விடாதீர்கள்.

வாத்தியாரை எப்படித் தேர்ந்தெடுப்பது? என் அளவுகோல் எளிது. முதல் நாள் உங்களிடம் "உடம்புக்கு என்ன?" என்று கேட்கிறாரா, "ஃபீஸ் மூணு மாசத்துக்குச் சேர்த்துக் கட்டுறீங்களா?" என்று கேட்கிறாரா? வகுப்பு நேரத்தில் அவர் தன் ஆசனத்தைச் செய்துகொண்டிருக்கிறாரா, உங்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறாரா? உங்களுக்கு ஒன்றை "வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவராக இருக்கிறாரா? என் வாத்தியார் சர்வாங்காசனத்தை எனக்கு இன்றுவரை கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, சுவரோரம் படுத்துக் காலைச் சுவரின் மேல் நீட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார். வீடியோ பார்த்துக் கற்கலாமா என்றால், கற்றதை நினைவுபடுத்திக்கொள்ளப் பார்க்கலாம். நாம் வீடியோவைப் பார்க்கிறோம், வீடியோ நம்மைப் பார்ப்பதில்லை. என் வயிறு உள்ளே போனதை எந்த வீடியோவும் பிடித்திருக்காது.

பாய்க்கு வருவோம். யோகா மேட் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு என்று கேட்டதும் பின்வாங்குகிறவர்கள் உண்டு. வீட்டில் இருக்கிற ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டால் படுக்கிற ஆசனங்களுக்குப் போதும். நிற்கிற ஆசனங்களை வெறும் தரையில் செய்யலாம். டைல்ஸ் தரையில் கோரைப்பாய் மட்டும் போட்டால் வழுக்கும், அதில் ஜாக்கிரதை. ரிஷிகேஷில் இருந்துகொண்டு உலகமெல்லாம் யோகம் பரப்பிய சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர், கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடை. மலேயாவில் டாக்டராக இருந்துவிட்டுச் சந்நியாசம் போனவர். அவர் ஊர்ப் பாய் நமக்கு ஆகாதா?

உடை விஷயத்தில் பெண்கள் தயங்குகிறார்கள். உடம்பைப் பிடிக்கிற பேண்ட் போட வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. தொளதொளப்பான சுடிதார் போதும். துப்பட்டாவை மட்டும் எடுத்துவிட வேண்டும், கழுத்தில் மாட்டும். எங்கள் வராந்தா பேட்ச்சில் இஸ்லாமியச் சகோதரி ஒருவர் முழுக்கை உடையில், தலையில் முக்காட்டோடு வருகிறார். எங்கள் சார் ஓம் சொல்ல அவரைக் கேட்டதும் இல்லை, அவர் சொல்லாததை யாரும் பொருட்படுத்தியதும் இல்லை. இழுக்கிற காற்று எல்லோருக்கும் ஒன்றுதான்.

நேரம்தான் பெரிய இடைஞ்சல். விடியற்காலை நல்லது என்பார்கள். நல்லதுதான். ஆனால் விடியற்காலையில் டிபனும் மதியச் சாப்பாடும் சேர்த்துக் கட்டுகிற பெண்ணிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. வயிறு காலியாக இருக்க வேண்டும், அதாவது சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்பதுதான் விதி. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, தானும் சாப்பிடுவதற்கு முன் கிடைக்கிற பதினோரு மணியும் நல்ல நேரம்தான். நான் ஐந்தேகாலுக்குச் செய்கிறேன், பால்காரர் மணி அடிப்பதற்குள். அதற்கு முன் அரை டம்ளர் டீ குடித்துவிடுகிறேன். சாருக்கு இது தெரியும், கண்டுகொள்வதில்லை.

இனி ஊருக்கும் அரசுக்கும் ஒரு வார்த்தை. 2014 டிசம்பரில் ஐ.நா. தீர்மானம் போட்டு, 2015 முதல் ஜூன் 21-ஐ யோகா தினமாகக் கொண்டாடுகிறோம். முதல் வருடமே டெல்லி ராஜபாதையில் 35,985 பேர் கூடி கின்னஸ் சாதனை படைத்தார்கள். கொண்டாட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கு ஆர்வம் வந்து, ஜூன் 22-ம் தேதி காலை "நானும் கத்துக்கணும்" என்று கிளம்புகிற பெண் எங்கே போவாள் என்பதுதான் என் கேள்வி. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐந்தரை வருடம் படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் வருடாவருடம் வெளியே வருகிறார்கள். முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிற சமுதாயக் கூடங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. நகராட்சிகள் இந்த இரண்டையும் சேர்த்தால் போதும். காலையில் ஒரு பேட்ச், பதினோரு மணிக்குப் பெண்களுக்கு ஒரு பேட்ச். பேட்ச்சுக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். சேரும்போதே பிரஷர் பார்த்து, உபாதையைக் கேட்டு எழுத ஒரு நோட்டு. முதல் மாதம் யாரும் தலைகீழாக நிற்கக் கூடாது என்று ஒரு போர்டு. இதற்கு எந்தச் சாதனைப் புத்தகத்திலும் இடம் கிடைக்காது. ஊரில் நாலு பேர் கழுத்துப்பட்டை இல்லாமல் நடப்பார்கள்.

எனக்குச் சிரசாசனம் வராது. ஆறு வருடத்துக்குப் பிறகும், முழங்காலை மடக்காமல் குனிந்தால் கை தரைக்கு எட்டாது. கழுத்து இரண்டு பக்கமும் திரும்புகிறது. பேருந்தில் பின்சீட்டில் யார் கூப்பிட்டாலும் உடம்பைத் திருப்பாமல் பார்க்க முடிகிறது. கேட்டது அதைத்தான், கிடைத்ததும் அதுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் கொடுக்கிற ஒரே யோசனை, ஒரு வருகைப் பதிவேடு. எங்கள் பயிலகப் பதிவேட்டில் மாணவர் பெயர்களுக்குக் கீழே, கடைசி வரியில், என் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். காலையில் பாய் விரித்த நாளுக்கு ஒரு கோடு, விரிக்காத நாளுக்கு 'ஆ'. என்ன ஆசனம் செய்தேன், எவ்வளவு வளைந்தேன் என்பதற்கெல்லாம் அதில் கட்டம் கிடையாது. போன மாதம் 30 நாளில் 24 கோடு விழுந்திருக்கிறது. அந்த அளவு வருகை இருக்கிற பிள்ளையை நான் தைரியமாகத் தேர்வுக்கு அனுப்புவேன்.